மேகம் எழுப்பாத நாட்கள்

வெண்துறை ஊரார் நடுப்பகலில் தூங்கப் பழகி ஒன்பது கோடை ஆகியிருந்தது.

முற்பகல் ஏறிவரும் நேரத்தில், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கடலில் நிற்கும் தெளிப்புப் படகுகள் முனக ஆரம்பிக்கும். முதலில் தண்ணீருக்கு மேல் ஆவி போல ஏதோ கிளம்பும். பிறகு அது தடித்து, வெளுத்து, கடற்காற்றின் முதுகில் ஏறி வந்து ஊரின் மேல் மெல்லப் படுத்துக்கொள்ளும். மாதா கோயில் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும் அந்த வெள்ளைக்குள் பாதி மறைந்துபோகும். தெருவில் வெயில் இருக்காது, இருட்டும் இருக்காது. பாலைத் துணியில் வடிகட்டியது போன்ற வெளிச்சம் மட்டும் இருக்கும். உதட்டை நக்கினால் லேசாக உப்புக் கரிக்கும். மீனவர் தெருவில் வாசலிலேயே பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள். கடைக்காரர்கள் கல்லாவில் தலைசாய்ப்பார்கள். நாய்கள்கூட நடுரோட்டில் நீட்டி நிமிர்ந்து கிடக்கும். ஊர் முழுக்க ஒரே மூச்சாக ஏறி இறங்குவது போலத் தோன்றும்.

இந்தத் தூக்கத்தைக் காவல் காத்தவள் சலேத்மேரி. வெண்துறை மின் கூட்டுறவுச் சங்கத்தின் திட்டப் பொறியாளர். எந்த நாளில் மேகத்தை எப்போது எழுப்புவது, எவ்வளவு தடிமனாக, எந்தப் பக்கம் சாய்த்து என்று முடிவு செய்கிறவள் அவள்தான். பழைய தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் கண்ணாடி வைத்துக் கட்டிய அறை அவளுடைய அலுவலகம். ஊர் தூங்கும்போது விழித்திருப்பது அவளும் படகோட்டிகளும்தான்.

சங்கம் ஊருக்குச் சொந்தம். புயலுக்குப் பிறகு மின்கம்பம் நட யாரும் வராமல் மாதக்கணக்கில் இருட்டில் கிடந்தபோது, ஊராரே பங்கு போட்டுச் சூரியத் தகடும் காற்றாலையும் வாங்கித் தொடங்கியது. கடல் ஏறி வரும் என்று மின்கலங்களை மேட்டுக்கு மாற்றினார்கள். அடுத்த புயலில் அறுந்துவிடாமல் கம்பிகளை மண்ணுக்குள் புதைத்தார்கள். இப்படி ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு படி முன்னால் போய்க்கொண்டிருந்தவர்களை வெப்பம்தான் பின்னாலிருந்து வந்து பிடித்தது. கரிக்கோடை என்று இன்றும் ஊரில் சொல்கிற அந்த வருடம், ஒரே வாரத்தில் கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் போனது. சலேத்மேரியின் கணவன் ராயப்பன் படகு இன்ஜின் மெக்கானிக். வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே, ஸ்பானரைக் கையில் பிடித்தபடி மணலில் உட்கார்ந்தவன் எழவில்லை.

அதற்கு மறு வருடம்தான் அவள் மேகத்தைப் பற்றிச் சங்கத்தில் பேசினாள். அதன்பின் வெண்துறையில் வெயில் பட்டு ஒருவரும் சாகவில்லை.

பத்தாவது கோடையின் மேகம் எழும்பத் தொடங்கியிருந்த மாசி மாதக் கடைசியில், ஒரு பெண் தொட்டியின் இரும்புப் படிகளில் ஏறி வந்தாள். நாற்பது வயது இருக்கும். செம்மண் ஏறிய சேலை, காலில் ரப்பர் செருப்பு. கண்ணாடி வழியாகக் கீழே தூங்கும் ஊரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நல்லாத் தூங்குதாங்க," என்றாள்.

"யாரு நீங்க? உக்காருங்க."

"எம் பேரு சுடலைவடிவு. செந்தேரியிலேருந்து வாரேன். முருங்கை போட்டிருக்கோம். ஊருக் கிணத்துக் கமிட்டிக்கும் நாந்தான் தலைவி." அவள் உட்காரவில்லை. "மேகத்தக் கட்டி மேய்க்கிறது ஒரு அக்கான்னு சொன்னாங்க. நீங்கதானா?"

சலேத்மேரி சிரித்தாள். "நான்தான்."

"எங்க ஊருல கோடை மழை நின்னு போச்சுக்கா. சித்திரை வைகாசியில மத்தியானத்துக்கு மேல இடிச்சிக்கிட்டு வரும்லா, அந்த மழை. அதுலதான் கிணறு ஊறும். இப்ப கருக்கலா வருது, அப்படியே கலஞ்சு போவுது. எத்தனையோ வருசமாப் பாக்கோம்."

"எல்லா ஊருலயும் மழை மாறிப்போச்சும்மா. உலகமே..."

"உலகத்தச் சொல்லாதீங்க." சுடலைவடிவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் சலேத்மேரிக்கு என்னவோ போல இருந்தது. "ஒரே ஒரு நாளு எங்க ஊருக்கு வந்து மத்தியானம் இருங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

செந்தேரி வெண்துறையிலிருந்து மேற்கே, பைக்கில் போனால் வெற்றிலை போட்டுத் துப்பும் நேரத்தில் வந்துவிடும். ஆனால் சலேத்மேரி பிறந்ததிலிருந்து அங்கே போனதில்லை. சிவந்த மணல் மேடு மேடாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை அலைபோல உறைந்து கிடந்தது. பனைகள் நின்றன. முருங்கைத் தோட்டங்களில் பூ காய்ப்பதற்கு முன்பே உதிர்ந்து, மரத்தடியில் வெளிறிக் கிடந்தது. ஊர்ப் பொதுக்கிணற்றை எட்டிப் பார்த்தாள். கீழே, வெகு கீழே, ஒரு தட்டு அளவுக்குத்தான் வானம் தெரிந்தது.

சாப்பாடு முடிந்ததும் ஊரார் ஒவ்வொருவராக வந்து ஓலைக்கொட்டகையில் உட்கார்ந்தார்கள். தினமும் இப்படித்தான் வந்து உட்காருவார்கள் போலும்.

"அந்தா பாருங்க, வெள்ளச்சி வந்துட்டா," என்று ஒருவர் கிழக்கே கை காட்டினார்.

சலேத்மேரி திரும்பிப் பார்த்தாள். அவள் எழுப்பிய மேகம்தான். அதை அவள் அடியிலிருந்தும் திரையிலும் பார்த்திருக்கிறாளே தவிர, இப்படிப் பின்பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அடிவானத்தில் வெண்கலப் பானையிலிருந்து பொங்கியது போல, அத்தனை அழகாக நின்றது. இந்த அழகுக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள், அவளுக்குத்தான் தெரியவில்லை.

"இப்ப மேற்கே பாருங்க," என்றாள் சுடலைவடிவு.

மணல் மேடுகளுக்கு அப்பால் வேறு மேகங்கள் எழுந்துகொண்டிருந்தன. இவை யாரும் எழுப்பியவை அல்ல. அடி கறுத்து, தலை வெளுத்து, ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி வளர்ந்தன. கொட்டகையில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டது போல் இருந்தது. கடற்காற்று அடித்தது. அதோடு கூட, கிழக்கேயிருந்து வெள்ளையாக, மெல்லியதாக, புகைபோல ஒன்று வானம் முழுக்கப் பரவி வந்தது. அது போய்ச் சேர்ந்ததும் கறுத்த மேகங்கள் தயங்கின. பொங்கி வந்த பாலில் யாரோ தண்ணீர் தெளித்தது போல மெல்ல அடங்கின. கொஞ்ச நேரத்தில் மேற்கு வானமும் பால் வெளிச்சமாகிவிட்டது.

ஒரு கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சரி, ஆட்டைப் பத்துவோம்," என்று போய்விட்டார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சலேத்மேரியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பெண் மட்டும், போகும்போது ஒரு சொம்பு மோர் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்தும் அந்த மோரின் புளிப்பு நாக்கில் இருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் பழைய வானிலைப் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் இல்லாமல் போனது. பிறகு சங்கத் தலைவர் லூர்து கொரேராவின் வீட்டுக்குப் போனாள்.

கொரேரா முன்பு விசைப்படகு வைத்திருந்தவர். இடிபோன்ற குரல். சங்கத்தைத் தொடங்கியபோது வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவர். அவர் மனைவி தெக்லாவுக்கு இதயம் பலவீனம். படி ஏறினாலே நின்று நின்றுதான் ஏறுவாள். கோடையில் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. அன்றைக்கும் நாற்காலியில் சாய்ந்தபடி அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புரியும்படி சொல்லு," என்றார் கொரேரா.

"கடல்தண்ணியை ரொம்பப் பொடியாத் தெளிக்கோம்ணே. உப்புத்தூசி மேல போவுது. ஒவ்வொரு தூசியச் சுத்தியும் ஒரு துளி உக்காருது. துளி சின்னதா, நிறைய இருக்கறதாலதான் மேகம் வெள்ளையா இருக்கு, வெயிலைத் திருப்பி அடிக்குது. ஆனா சின்னத் துளி கீழ விழாது. மழையாகணும்னா துளியும் துளியும் சேந்து பெருக்கணும்."

"அது நம்ம மேகம். அவன் மேகத்துக்கு என்ன வந்துச்சு?"

"நம்ம உப்புத்தூசி கடற்காத்தோட போயி அவங்க மேகத்துக்குள்ள நுழையுது. அதுவும் சின்னச் சின்னத் துளியா ஆயிடுது. இன்னொண்ணு, அங்க தேரியில கெடக்க செம்மணல் நல்லாச் சுட்டாத்தான் காத்து வேகமா மேல ஏறும், மேகம் வளரும். நாம அந்தச் சூட்டையும் தணிச்சிடுதோம்."

தெக்லாவின் மூச்சு மட்டும் கேட்டது.

"இப்ப என்ன செய்யணும்ங்கிற?"

"வாரத்துல ரெண்டு நாளு மேகம் எழுப்ப வேண்டாம். செவ்வாயும் வெள்ளியும். அன்னைக்கு வானத்தை அவங்களுக்கு விட்டுருவோம். செந்தேரியையும் சங்கத்துல சேப்போம். மேகம் இல்லாத நாள்ல நம்ம தகடு எல்லாம் முழுசா மின்சாரம் குடுக்கும்லா, அதை வச்சிக் கோயில் மண்டபம், மதரசா, மீன் ஏலக்கூடம் மூணையும் குளிராக்கி, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எல்லாரையும் உள்ள கொண்டாந்துரலாம்."

"எல்லாரையும்?" அவர் மனைவியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வரமுடியாதவங்க இருக்காங்க, சலேத்து. கூட்டத்துக்குள்ள மூச்சு முட்டுறவங்க இருக்காங்க. வீட்டுல ஆள் இல்லாதவங்க இருக்காங்க. நீ ராயப்பனுக்காகத்தான் இந்த மேகத்தக் கொண்டு வந்த. இப்ப நீயே..."

அவர் முடிக்கவில்லை. சலேத்மேரி எழுந்தாள். போகும்போது தெக்லா அவள் கையைப் பிடித்து, "சாப்பிட்டுப் போயேன்," என்று மட்டும் சொன்னாள்.

கோடைத் திட்டத்துக்கான பொதுக்கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. ஊரே வந்திருந்தது. சலேத்மேரி தான் பார்த்ததைச் சொன்னாள். படம் போட்டுக் காட்டினாள். கொஞ்சம் பேர் தலையாட்டினார்கள். நிறையப் பேர் தரையைப் பார்த்தார்கள். சுடலைவடிவு விருந்தாளியாக வந்து ஓரத்தில் நின்றாள். அவளைப் பேசச் சொன்னபோது, "தண்ணி இல்லாம ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிரலாம்னு பாதிப் பேரு சொல்லுதாங்க. போயிட்டா இந்தப் பேச்சே வராது. போகுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுருவோம்னு வந்தேன்," என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

பிறகு கொரேரா எழுந்தார். மைக்கை நகர்த்தி வைத்துவிட்டுச் சொந்தக் குரலில் பேசினார்.

"அந்த அம்மா சொல்லுறதுல பொய் இல்ல. சலேத்து சொல்லுறதுலயும் தப்பு இல்ல. ஆனா கரிக்கோடை எப்படி இருந்திச்சின்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? நான் சவப்பெட்டி தூக்கித் தூக்கித் தோள் காச்சுப் போனவன். என் வீட்டுக்காரி எப்படி இருக்கான்னு ஊருக்கே தெரியும். மேகம் இல்லாத ஒரு பகலை அவ தாண்டுவாளான்னு எனக்குத் தெரியாது. என் வீட்டைப் போல இந்த ஊர்ல எத்தனை வீடு இருக்கு? அவங்களுக்குத் தண்ணி வேணும்னா நாம குழாய் போட்டுக் குடிநீரா அனுப்புவோம். மேகத்தைத் தொட வேண்டாம்."

கை தட்டினார்கள். சுடலைவடிவு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குழாயில் வரும் தண்ணீர் முருங்கைக்குப் போதாது, கிணற்றை ஊற வைக்காது என்று சலேத்மேரி எழுந்து சொன்னாள். ஆனால் தன் குரல் எடுபடவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. வாக்கெடுப்பு ரகசியமாக நடந்தது. மறைப்புக்குப் பின்னால் போய் ஒவ்வொருவராகச் சீட்டைப் போட்டுவிட்டு வந்தார்கள். எண்ணி முடித்துக் கொண்டுவந்து கொடுத்ததை வாங்கிப் பார்த்த கொரேரா, மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் அதேதான் வந்தது.

"ஒரு ஓட்டு வித்தியாசத்துல திட்டம் நிறைவேறிச்சு," என்று அவர் வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் சலேத்மேரி எதிர்பாராதபடி கொரேரா தொட்டியின் படியேறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து, "மேகம் இல்லாத நாள்ல ஆளுகளைக் கூட்டிட்டு வார வண்டி இருக்குல்லா, அதை நான் பாத்துக்கிடுதேன்," என்றார்.

"நீங்களா? ஆள் போடலாமே அண்ணே."

"தோத்தவன்தான் ஒழுங்காச் செய்யணும். இல்லன்னா வேணும்னே கெடுத்துட்டான்னு சொல்லுவாங்க."

முதல் செவ்வாய்க்கிழமை படகுகள் முனகவில்லை. ஊர் அந்த மௌனத்தில் விழித்துக்கொண்டது. வானம் அடிவரை நீலமாக இருந்தது. இத்தனை நீலத்தைச் சின்னப் பிள்ளைகள் பகலில் பார்த்ததே இல்லை. தெருவில் வீட்டு விளிம்பெல்லாம் கத்தியால் வெட்டியது போலத் தெரிந்தது. பிள்ளைகள் தங்கள் நிழலை மிதிக்கப் பார்த்து, முடியாமல், கத்திக்கொண்டு ஓடினார்கள். பிறகு வெயில் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. சங்கத்தின் மின்வண்டியைக் கொரேரா தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டு வந்தார். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார். தெக்லாவை முதல் ஆளாகக் கொண்டுவந்து மண்டபத்தில் காற்று வரும் மூலையில் உட்கார வைத்தார். மண்டபத்தில் பாயும் தலையணையுமாக ஊர் படுத்திருந்தது. ஆனால் யாரும் தூங்கவில்லை. எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

மேற்கே மேகம் வளர்ந்தது. வளர்ந்து, தெற்கே நகர்ந்து போய்விட்டது. மழை இல்லை.

வெள்ளிக்கிழமையும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. இடி மட்டும் ஒருமுறை எங்கோ உருண்டது. ஊரில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. "அந்தச் செந்தேரிக்காரிக்காக நாம வேகுதோம்" என்று மீன் ஏலக்கூடத்தில் ஒருவர் சலேத்மேரியின் காதுபடவே சொன்னார். சுடலைவடிவு போன் செய்து, "இன்னும் எத்தனை வாரம் விடுவாங்க?" என்று கேட்டாள். "தெரியல, பாப்போம்," என்றாள் சலேத்மேரி. காற்று திரும்பும் என்று அவள் போட்ட கணக்கு சொன்னது. எந்த நாள் என்று அது சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்து வெள்ளிக்கிழமை. எல்லாரையும் உள்ளே கொண்டுவந்து முடித்தாகிவிட்டது என்று கொரேரா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, உப்புக் குடோன் பக்கம் ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் வராமல் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். உச்சி வெயில். "வேற ஆளை அனுப்புவோம்ணே," என்று சலேத்மேரி போனில் கெஞ்சினாள். "இந்தா, போயிட்டு வந்துருதேன்," என்று கிளம்பிவிட்டார். அவர்கள் இருவரையும் வண்டியில் ஏற்றினார். ஓட்டுநர் இருக்கைக்கு வரும் வழியில் வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சரிந்தார். அந்தக் கணவன்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

சலேத்மேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் வெளியே வந்து, அவள் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். உள்ளே தெக்லா இருந்தாள். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அதனால் உள்ளே போகவும் பயமாக இருந்தது.

அப்போது போன் அடித்தது.

"யக்கா! மழைக்கா!" சுடலைவடிவின் குரலுக்குப் பின்னால் தகரத்தில் கல்மழை போலச் சத்தம். யாரோ கத்தினார்கள், யாரோ சிரித்தார்கள். "கேக்குதா? கிணத்துக்குள்ள விழுகுறது கேக்குதாக்கா? நாங்க எல்லாரும் நனஞ்சுக்கிட்டு நிக்கோம். எங்க ஊரு ஆளுக எல்லாம் உங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க. அந்தத் தலைவரு அண்ணாச்சிக்கும் சொல்லுங்க. சொல்லுவீங்களா?"

"சொல்லுதேன்," என்றாள் சலேத்மேரி. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு மழையைக் கேட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து வராந்தாவை ஒட்டி நின்ற வேப்பமரம் அசைந்தது. கடலிலிருந்து வரும் காற்று அல்ல அது. மேற்கேயிருந்து, தரையோடு தவழ்ந்து வந்தது. குளிர்ந்து, கனமாக, நனைந்த செம்மண் வாசத்தோடு வந்தது. மேகம் எழுப்பிய எந்த நாளிலும் வெண்துறை இப்படிக் குளிர்ந்ததில்லை. மழை பெய்த இடத்தின் குளிர் இறங்கி, பக்கத்து ஊர்களுக்குப் பரவும் என்று அவள் படித்திருக்கிறாள். சிறுமியாக இருந்தபோது கோடைச் சாயங்காலங்களில் இந்தக் காற்று அடித்ததை இப்போதுதான் நினைத்தாள். மழையோடு சேர்த்து இதையும் ஒன்பது வருடமாகத் தாங்களே நிறுத்தி வைத்திருந்ததை அவள் எந்தத் திட்டத்திலும் எழுதவில்லை.

மண்டபத்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். மேலே பார்த்தபடி, கைகளை விரித்தபடி, கனவில் நடப்பவர்கள் போலத் தெருவில் நின்றார்கள். கொரேரா இறந்துபோன செய்தியும் அந்தக் காற்றோடு தெருத்தெருவாகப் போனது. காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே அதைக் கேட்டார்கள். விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

அடக்கம் முடிந்து சில நாட்களில் அவசரக் கூட்டம் கூடியது. கூட்டத்தின் நோக்கம் எல்லாருக்கும் தெரியும். முதலில் பேசியவர், "தலைவர் அன்னைக்கே சொன்னாரு, மேகத்தைத் தொடாதீங்கன்னு. அவரு சொன்னதைக் கேக்காம அவரையே பலி குடுத்துட்டோம். அவருக்கு நாம செய்யுற மரியாதை, நாளையிலிருந்து தினமும் மேகம் எழும்பணும்," என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. சலேத்மேரி எழவில்லை.

செந்தேரியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து பின்னால் நின்றார்கள். இப்போது அவர்களும் உறுப்பினர்கள். சுடலைவடிவு கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்களுக்கு வேண்டாங்க. ஒரு மழை பெஞ்சிருக்கு. அதுவே போதும். இதுக்கு மேல கேக்க எங்களுக்கு வாய் இல்ல."

தெக்லா முன்வரிசையில் கறுப்புச் சேலையில் இருந்தாள். யாரும் எதிர்பார்க்கவில்லை, அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். மூச்சுச் சீராகும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நான் எதிராத்தான் ஓட்டுப் போட்டேன்," என்றாள். "எனக்குப் பயம். சாகுறதுக்கு எனக்கு எப்பவும் பயம். அன்னைக்குக் கூட்டம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவரு சோத்தைத் தொடல. என்னன்னு கேட்டேன். 'தெக்லா, உனக்கு எதிரா ஓட்டுப் போட்டுட்டேன்'னாரு."

பின்வரிசையில் இருந்தவர்கள் அவளை எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்காகத்தானே அவ்வளவு நேரம் பேசுனீங்கன்னு கேட்டேன். 'ஆமா, பேசுனதெல்லாம் உண்மைதான். அந்தச் செந்தேரிக்காரி என்னையே பாத்துக்கிட்டு நின்னா. சண்டைக்கு நிக்கல. நீ சாகக்கூடாதுன்னு அவளும் நெனைக்கிறது மாதிரி நின்னா. மறைப்புக்குள்ள போனதும் கை நான் சொன்னதைக் கேக்கல'ன்னாரு. நான் அவர்கிட்ட மூணு நாளு பேசல. மறுநாள் காலையிலயே வண்டியை நான் பாத்துக்கிடுதேன்னு சலேத்துகிட்டப் போய்ச் சொல்லிட்டாரு." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த ஒரு ஓட்டு அவரு ஓட்டு. அவரு பேரச் சொல்லி மேகத்தை எழுப்பாதீங்க. எழுப்பணும்னா உங்க பேரச் சொல்லி எழுப்புங்க."

உட்கார்ந்தாள். சலேத்மேரியால் அவளைப் பார்க்க முடியவில்லை. சுடலைவடிவு கட்டிய கையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

படகோட்டி ஒருவர் எழுந்தார். "சரி, மேகம் எழுப்பலன்னு வைங்க. அந்த வண்டியை யாரு ஓட்டுவா?"

பின்னாலிருந்து சுடலைவடிவின் ஊர்க்காரர் ஒருவர், வெட்கத்தோடு, "நாங்க ஓட்டுதோம்," என்றார். "விடியுறதுக்கு முன்னாடி வந்துருதோம். வெயில் ஏறுறதுக்குள்ள எல்லாரையும் ஏத்திருவோம். ஒத்த ஆளு இல்லாம, ஊருல பாதிப் பேரு வாரோம். மழை இல்லாத நாளு எங்களுக்கு வேற என்ன சோலி?"

அன்றைக்கும் ரகசிய வாக்கெடுப்புதான். இந்த முறை ஒரு ஓட்டு வித்தியாசம் இல்லை. திட்டம் நிறையவே தாண்டிப் போனது. ஆனால் எதிர்த்தவர்களும் இருந்தார்கள், கொஞ்சம் நஞ்சம் அல்ல.

சலேத்மேரி தெக்லாவைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்தாள். வாசலில் செந்தேரிக்காரர்கள் சங்க வண்டியைச் சுற்றி நின்று, எந்தச் சாவி எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். படியில் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினாள் தெக்லா.

"மைனி," என்றாள் சலேத்மேரி. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டாள். "இன்னைக்கு நீங்க எதுக்குப் போட்டீங்க?"

தெக்லா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கொரேரா போனபின் முதல் தடவையாக அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது.

"அவரு ஓட்டைச் சொல்லிட்டேன், அதோட விடு," என்றாள். "ரகசிய ஓட்டுன்னா ரகசியந்தான்."

வண்டி ஓட்ட வந்த செந்தேரிக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஏறி உட்கார்ந்ததும், தன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை காலையில் எத்தனை மணிக்கு வந்தால் தான் தயாராக இருப்பாள் என்று அவரிடம் நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள்.